அதிபர் வேட்பாளரின் வயதும் பாலினமும்: எதை, எந்தக் கட்டத்தில் கணக்கில் எடுப்பது?

1984ஆம் ஆண்டு அமெரிக்க அதிபர் தேர்தலில் வயது, பாலினம் ஆகிய இரண்டு கேள்விகளும் ஒரே நேரத்தில் மேடையேறின. குடியரசுக் கட்சியின் சார்பில் மறுதேர்தலுக்கு நின்ற ரொனால்ட் ரீகனுக்கு அப்போது வயது 73. அதுவரை அந்தப் பதவியில் இருந்தவர்களில் அவரே மிக மூத்தவர். அவரை எதிர்த்த ஜனநாயகக் கட்சியின் வால்டர் மாண்டேலுக்கு வயது 56. மாண்டேல் தம்முடைய துணை அதிபர் வேட்பாளராக ஜெரால்டின் ஃபெராரோவை அறிவித்திருந்தார். பெரிய கட்சி ஒன்றின் சார்பில் அந்நாட்டில் அந்த இடத்துக்கு வந்த முதல் பெண் அவர்தாம். அக்டோபர் 7 அன்று நடந்த முதல் விவாதத்தில் ரீகன் வெளிப்படையாகவே தடுமாறினார். இரண்டு வாரம் கழித்து நடந்த அடுத்த விவாதத்தில், 1962ஆம் ஆண்டு கியூப ஏவுகணை நெருக்கடியின்போது அன்றைய அதிபர் கென்னடி சரியான தூக்கமின்றி நாள்களைக் கழித்ததை நினைவூட்டி, அப்படியொரு நிலை வந்தால் உங்களால் தாக்குப்பிடிக்க முடியுமா என்று ஒரு செய்தியாளர் கேட்டார். எதிராளியின் இளமையையும் அனுபவமின்மையையும் அரசியல் ஆதாயத்துக்காகப் பயன்படுத்தப் போவதில்லை என்றார் ரீகன். அரங்கம் சிரித்தது, மாண்டேலும் சிரித்தார், கேள்வி அங்கேயே முடிந்தது.

ஃபெராரோவுக்குக் கிடைத்த கேள்விகள் வேறு வகையானவை. நீங்கள் பெண் என்பதற்காகவே சோவியத் ஒன்றியம் உங்களைச் சாதகமாக்கிக்கொள்ள முயலாதா என்று அவரிடம் கேட்கப்பட்டது. மிசிசிப்பி மாநிலத்துக்குப் பிரசாரத்துக்குப் போனபோது, அம்மாநில வேளாண் துறையின் தலைவர் அவரிடம் ப்ளூபெர்ரி மஃபின் செய்யத் தெரியுமா என்று விசாரித்தார். தெரியும், உங்களுக்குத் தெரியுமா என்று ஃபெராரோ திருப்பிக் கேட்டதற்கு, எங்கள் பக்கத்தில் ஆண்கள் சமைப்பதில்லை என்று பதில் வந்தது. நவம்பரில் ரீகன் 50 மாநிலங்களில் 49இல் வென்றார். கேட்டே தீர வேண்டிய கேள்வி ஒரு நகைச்சுவையில் கரைந்துபோக, கேட்கவே தேவையில்லாத கேள்வி கடைசிவரை துரத்தியது என்பதுதான் அந்தத் தேர்தலை இன்று திரும்பிப் பார்க்கும்போது தெரிகிறது.

ஒரு கட்சி தன் அதிபர் வேட்பாளரைத் தெரிவுசெய்யும்போதும், ஒரு வாக்காளர் தன் வாக்கை முடிவுசெய்யும்போதும் வயதையும் பாலினத்தையும் எப்படிக் கையாள்வது என்பதற்குப் பல வழிகள் முன்வைக்கப்படுகின்றன. இரண்டையும் கண்டுகொள்ளாமல் தகுதியை மட்டும் பார்ப்பது ஒரு வழி. சட்டத்திலேயே வரம்பும் ஒதுக்கீடும் எழுதிவைப்பது இன்னொன்று. உடல்நலத் தகவலைக் கட்டாயமாக்குவது, வெற்றி வாய்ப்பைக் கணக்கிட்டு முடிவெடுப்பது, துணை வேட்பாளரைக் கொண்டு சமன்செய்வது ஆகியவையும் நடைமுறையில் உள்ளவை. இவற்றை எடைபோடுவதற்கு முன்னால் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது. வயதும் பாலினமும் பேச்சில் எப்போதும் சேர்ந்தே வந்தாலும், அவை ஒரே வகைப்பட்ட அளவுகோல்கள் அல்ல.

இரண்டும் ஒன்றல்ல

வயது பதவியைப் பற்றி ஏதோ ஒன்றைச் சொல்கிறது. நான்கு, ஐந்து அல்லது ஆறு ஆண்டு காலத்துக்கு ஒருவரை அமர்த்தும்போது, அந்தக் காலம் முழுவதும் அவர் செயல்படும் நிலையில் இருப்பாரா என்பது நியாயமான கேள்வி; 80 வயதில் இருப்பவருக்கு அதில் உள்ள ஐயம் 50 வயதில் இருப்பவருக்கு உள்ளதைவிடக் கூடுதல் என்பதை எந்த மருத்துவரும் மறுக்கமாட்டார். ஆனால் அது சராசரியைப் பற்றிய செய்தி மட்டுமே. 43 வயதில் தேர்ந்தெடுக்கப்பட்டு இளமையின் அடையாளமாகவே கொண்டாடப்பட்ட ஜான் கென்னடி, அடிசன் நோய் என்னும் கடுமையான சுரப்பிக் கோளாறு தமக்கு இருந்ததை மறைத்தவர். ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட் நான்காம் முறையாகப் பதவியேற்ற மூன்றே மாதத்தில் இறந்தபோது அவருக்கு வயது 63தான். 1992இல் ஜனநாயகக் கட்சியின் வேட்பாளராக முயன்ற பால் சாங்கஸ் அப்போது ஐம்பதை ஒட்டிய வயதினர். புற்றுநோயிலிருந்து மீண்டவர் என்று அறிமுகமானவர். அவர் 1997 ஜனவரி 18 அன்று இறந்தார். அந்தத் தேர்தலில் அவர் வென்றிருந்தால், பதவிக்காலம் முடிய இரண்டு நாள் பாக்கி இருந்திருக்கும்.

பாலினம் இத்தகைய எந்தச் செய்தியையும் தருவதில்லை. ஒருவர் பெண் என்பதிலிருந்து அவர் பாதுகாப்புக் கொள்கையை எப்படிக் கையாள்வார், வரவுசெலவுத் திட்டத்தை எப்படி வகுப்பார் என்று எதையும் ஊகிக்க முடியாது. அது சொல்வது வேறொன்றை: இவர் இந்த இடத்துக்கு வந்துசேர எத்தனை கதவுகளைத் தாண்ட வேண்டியிருந்தது, இவரைப் போன்ற எத்தனை பேர் அந்தக் கதவுகளுக்கு வெளியே நின்றுவிட்டார்கள் என்பதை. சுருங்கச் சொன்னால், வயது தனிமனிதரைப் பற்றிய ஐயம். பாலினம் தெரிவுமுறையைப் பற்றிய ஐயம். ஆகவே முதலாவதை வேட்பாளர் ஒவ்வொருவரிடமும் நேரடியாகக் கேட்க வேண்டும். இரண்டாவதை வேட்பாளரிடம் கேட்பதில் பயனில்லை, கட்சியிடம் கேட்க வேண்டும். இந்தக் கட்டுரை எடுக்கும் நிலைப்பாடு இதுதான்.

இங்கே ஒரு பழைய வேடிக்கையையும் குறிப்பிடலாம். 1872இல் விக்டோரியா உட்ஹல் அமெரிக்க அதிபர் பதவிக்குப் போட்டியிட்டபோது, அந்நாட்டில் பெரும்பாலான பெண்களுக்கு வாக்குரிமைகூட இல்லை; நாடு முழுமைக்கும் அது அரசமைப்புச் சட்டத்தில் உறுதியானது 1920இல்தான். ஆனால் அன்று பதவிக்குரிய சட்டத் தகுதிகளில் ஆண் என்ற சொல் எங்கும் இல்லை. 35 வயது நிறைந்திருக்க வேண்டும் என்றது. அவர் 1838 செப்டம்பரில் பிறந்தவர். ஆகவே சட்டத்தின் கண்ணில் அவருடைய குறை பெண் என்பதல்ல, வயது போதவில்லை என்பதே.

கண்டுகொள்ளாமல் விடுவது

தகுதியை மட்டும் பார்ப்போம், வயதும் பாலினமும் நமக்கு எதற்கு என்பது கேட்பதற்கு நேர்மையாக இருக்கிறது. அமெரிக்காவில் கேலப் என்னும் கருத்துக்கணிப்பு நிறுவனம் 1937இல் முதன்முதலாக, மற்ற எல்லாத் தகுதியும் உள்ள பெண்ணுக்கு அதிபர் தேர்தலில் வாக்களிப்பீர்களா என்று கேட்டபோது மூன்றில் ஒருவரே ஆம் என்றார். இப்போது அந்த விடை 90 விழுக்காட்டைத் தாண்டிவிட்டது. அதே நிறுவனம் 2020 தேர்தலையொட்டி, 70 வயதைக் கடந்த வேட்பாளரை ஏற்பீர்களா என்று கேட்டபோது ஏற்றவர்கள் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர்தாம். வாக்காளர்களின் வாய்மொழியை அப்படியே நம்பினால், முதியவரை நிறுத்துவதைவிடப் பெண்ணை நிறுத்துவது கட்சிக்குப் பாதுகாப்பானது. நடந்ததோ நேர்மாறு. 2016, 2020, 2024 ஆகிய மூன்று தேர்தல்களிலும் வென்றவர்கள் பதவியேற்றபோது 70 வயதைக் கடந்திருந்த ஆண்கள். இந்த மூன்றில் இரண்டில் தோற்றவர்கள் பெண்கள்.

இதை வைத்து வாக்காளர்கள் பொய் சொல்கிறார்கள் என்று முடிவுகட்டுவது அவசரம். 2016இல் ஹில்லரி கிளிண்டன் ஏறத்தாழ 29 லட்சம் வாக்குகள் கூடுதலாகவே பெற்றார். மாநில வாரியான தேர்வாளர் குழு முறையில்தான் தோற்றார். கண்டுகொள்ளாமல் விடுவதன் கோளாறு வாக்குச் சாவடிக்கு வெகு முன்பாகவே தொடங்குகிறது. போட்டியில் இறங்கிய பெண்கள் ஆண்களுக்கு ஏறத்தாழச் சமமான அளவில் வெல்கிறார்கள் என்பதையும், போட்டியிடும்படி கேட்டு வீடு தேடி வரும் அழைப்பு அவர்களுக்குக் குறைவாகவே வருகிறது என்பதையும் அமெரிக்க அரசியல் ஆய்வாளர்கள் நெடுநாளாகச் சுட்டிவருகிறார்கள். வரிசையில் யார் நிற்கிறார்கள் என்பதைப் பார்க்காமல், வரிசையின் முன்னால் நிற்பவரின் தகுதியை மட்டும் பார்ப்பது பாதி வேலைதான். வயதைப் பொறுத்தவரை கண்டுகொள்ளாமை இன்னும் எளிதாகத் தோற்கிறது. கேட்க வேண்டியதைக் கேட்காமல் விடுவதை மரியாதை என்று பெயரிட்டு அழைப்பதைத் தவிர அதில் வேறொன்றும் இல்லை.

சட்டத்தில் எழுதிவைப்பது

குறைந்தபட்ச வயது ஏறக்குறைய எல்லா நாடுகளிலும் உண்டு. அமெரிக்காவிலும் இந்தியாவிலும் பிரேசிலிலும் 35, ஜெர்மனியிலும் தென் கொரியாவிலும் 40, இத்தாலியில் 50. பிரான்சில் 18 வயது நிறைந்த எவரும் அதிபர் தேர்தலில் நிற்கலாம். நைஜீரியா 2018இல் தன் வரம்பை 40இலிருந்து 35ஆகக் குறைத்தது. அயர்லாந்தில் 35 என்பதை 21 ஆக்கலாமா என்று 2015 மே மாதம் மக்களிடம் கேட்டபோது ஏறத்தாழ 73 விழுக்காட்டினர் வேண்டாம் என்றனர். அதே நாளில் அதே வாக்குச் சாவடிகளில் ஒருபாலினத் திருமணத்துக்கு அவர்கள் ஒப்புதல் அளித்திருந்ததால், பழைமைவாதத்தின்மீது அந்த முடிவைச் சுமத்த முடியாது. இந்தக் கீழ்வரம்புகளால் பெரிய நன்மையும் இல்லை, பெரிய தீங்கும் இல்லை. சிலியில் காப்ரியேல் போரிச் சரியாக 35 வயதில் வென்றார் என்பது போன்ற விதிவிலக்குகள் தவிர, முப்பதுகளில் இருப்பவர்கள் பெரும்பாலும் கட்சிக்குள்ளேயே வடிகட்டப்பட்டுவிடுகிறார்கள்.

உச்ச வயது வரம்புதான் இப்போது அமெரிக்காவில் பலருக்கும் கவர்ச்சியாகத் தெரிகிறது. பயணிகள் விமானத்தை ஓட்டுபவருக்கு 65 வயது வரம்பு இருக்கும்போது அணு ஆயுதப் பொத்தானுக்கு அருகில் இருப்பவருக்கு ஏன் கூடாது என்ற வாதம் எடுபடுகிறது. 2024 ஜூனில் வடக்கு டகோட்டா மாநில வாக்காளர்கள், பதவிக்காலத்துக்குள் 81 வயதை எட்டக்கூடியவர்கள் தங்கள் மாநிலத்திலிருந்து நாடாளுமன்றத்துக்குப் போட்டியிடக் கூடாது என்ற விதிக்கு ஒப்புதல் தந்தார்கள். அரசமைப்புச் சட்டம் சொல்லியிருக்கும் தகுதிகளோடு மாநிலங்கள் புதிதாக எதையும் சேர்க்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1995இலேயே தீர்ப்பளித்திருப்பதால், அந்த விதி வழக்கு என்று வந்தால் நிற்பது கடினம். அதிபர் பதவிக்கு இப்படியொரு வரம்பு வேண்டுமென்றால் அரசமைப்புச் சட்டத்தையே திருத்த வேண்டும்.

அப்படித் திருத்தினாலும் அது நிலைக்குமா என்பதற்கு உகாண்டா விடை தருகிறது. அந்நாட்டின் 1995ஆம் ஆண்டு அரசமைப்புச் சட்டம் அதிபர் வேட்பாளருக்கு 75 வயது என்ற உச்ச வரம்பை வைத்திருந்தது. 1986 முதல் ஆட்சியில் இருக்கும் யோவேரி முசவேனி அடுத்த தேர்தலுக்குள் அந்த வயதைக் கடந்துவிடுவார் என்ற நிலை வந்ததும், 2017இல் அந்த வரம்பை நீக்கும் மசோதா நாடாளுமன்றத்துக்கு வந்தது. உறுப்பினர்கள் அவைக்குள் நாற்காலிகளைத் தூக்கி அடித்துக்கொண்டார்கள். ஆண்டு முடிவதற்குள் மசோதா நிறைவேறியது. 2021 தேர்தலில் முசவேனி மீண்டும் நின்று வென்றதாக அறிவிக்கப்பட்டார். யாரைத் தடுக்க ஒரு வரம்பு தேவைப்படுகிறதோ அவரிடமே அதை அகற்றும் அதிகாரமும் இருக்கும் நாட்டில் அது தாளில் மட்டுமே வாழும். அத்தகைய ஆட்சியாளர்கள் இல்லாத நாட்டிலோ அது பெரும்பாலும் தேவைப்படுவதில்லை.

உச்ச வரம்புக்கு எதிராக இன்னொரு காரணமும் உண்டு. விவாதங்களில் இது அதிகம் பேசப்படுவதில்லை, எனக்கோ இதுவே வலுவானதாகப் படுகிறது. பெண்கள் அரசியலின் உச்சிக்குத் தாமதமாகவே வந்துசேர்கிறார்கள். நான்சி பெலோசி ஐந்து பிள்ளைகளை வளர்த்தெடுத்த பிறகு, 47 வயதில்தான் முதன்முதலாக அமெரிக்க நாடாளுமன்றத்துக்குள் நுழைந்தார். பிரதிநிதிகள் சபையின் தலைவரானபோது அவருக்கு வயது 66. லைபீரியாவின் எலன் ஜான்சன் சர்லீஃப் 67 வயதில் அதிபரானார். நமீபியாவின் நெடும்போ நண்டி-நடைட்வா 2025 மார்ச்சில் தம் நாட்டின் முதல் பெண் அதிபராகப் பதவியேற்றபோது 72 வயதினர். 65 அல்லது 70 என்று ஒரு கோடு கிழித்தால், பார்வைக்கு நடுநிலையாகத் தெரியும் அந்தக் கோடு, ஏற்கெனவே நேரம் கழித்து வந்தவர்களையே முதலில் வெட்டும். வயதைச் சட்டத்தால் சரிசெய்யப் போனால் பாலினத்தில் இடறிவிழ நேரிடும்.

பாலினத்துக்கான சட்ட ஒதுக்கீட்டைப் பொறுத்தவரை சிக்கல் வேறு. நாடாளுமன்றத்தில் நூற்றுக்கணக்கான இடங்கள் இருக்கும்போது பாதியைப் பெண்களுக்கு ஒதுக்கலாம்; ஒரே ஒரு நாற்காலியைப் பாதியாக்க முடியாது. இந்த முறை பெண், அடுத்த முறை ஆண் என்று சுழற்சி வைத்தால், வென்றவரின் தலைக்கு மேல் அந்தச் சுழற்சியே எழுதி ஒட்டியிருக்கும். ஆனால் அந்த ஒரே நாற்காலிக்கு இட்டுச்செல்லும் படிகளில் ஒதுக்கீடு செய்யலாம் என்பதை மெக்சிகோ காட்டியிருக்கிறது.

2014இல் அந்நாட்டு அரசமைப்புச் சட்டம் திருத்தப்பட்டு, நாடாளுமன்ற வேட்பாளர்களில் சரிபாதி பெண்களாக இருக்க வேண்டும் என்றானது. 2019இல் அந்தக் கொள்கை அரசின் மற்ற துறைகளுக்கும் நீட்டிக்கப்பட்டது. 2021இல் 15 மாநிலங்களில் ஆளுநர் தேர்தல் நடந்தபோது, ஒவ்வொரு கட்சியும் குறைந்தது ஏழு மாநிலங்களில் பெண்களை நிறுத்த வேண்டும் என்று தேர்தல் ஆணையம் உத்தரவிட்டது. அங்கே ஆளுநர் என்பவர் மக்களால் தேர்ந்தெடுக்கப்படும் மாநில ஆட்சித் தலைவர். அதிபர் பதவிக்குத் தயாராவதற்கு அதைவிடப் பொருத்தமான பணி வேறில்லை. ஆறு பெண்கள் வென்றார்கள். அவர்களில் ஒருவர், வேட்புமனு ரத்தான தந்தைக்குப் பதிலாக நிறுத்தப்பட்ட மகள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஒதுக்கீடு குடும்ப அரசியலை ஒழித்துவிடுவதில்லை. 2024 அதிபர் தேர்தலில் முதல் இரண்டு இடங்களைப் பிடித்தவர்கள் கிளாடியா ஷேன்பாம், சோசித் கால்வெஸ் என்ற இரண்டு பெண்கள். ஷேன்பாம் ஆற்றல் பொறியியலில் முனைவர் பட்டம் பெற்றவர், தலைநகர் மெக்சிகோ சிட்டியை 2018 முதல் 2023 வரை ஆண்டவர். ஏறத்தாழ 60 விழுக்காடு வாக்குகளோடு வென்றார். முன்னணியில் இருந்த இருவருமே பெண்கள் என்றானபோது, பெண்ணால் ஆள முடியுமா என்ற கேள்வியைக் கேட்பதற்கு ஆளில்லாமல் போயிற்று.

உடல்நலத்தை வெளியிடச் சொல்வது

வயதுக்கு இதுவே பொருத்தமான வழி என்பது என் கணிப்பு. ஆனால் வேட்பாளரின் விருப்பத்துக்கு விடும்வரை இதை நம்ப முடியாது. 1981இல் பிரான்சின் அதிபரான பிரான்சுவா மித்தரான், தம்முடைய உடல்நல அறிக்கையைக் குறிப்பிட்ட இடைவெளிகளில் வெளியிடுவதாக வாக்களித்து, அதைத் தவறாமல் செய்தும் வந்தார். பதவியேற்ற சில மாதங்களிலேயே அவருக்குப் புற்றுநோய் இருப்பது கண்டறியப்பட்டிருந்தது. நாட்டுக்கு அது தெரியவந்தது 1992இல். இடைப்பட்ட ஆண்டுகளில் வெளியான அறிக்கைகள் எல்லாமே அவர் நலமாக இருப்பதாகத்தான் சொல்லின. அறிக்கையே இல்லாத நாட்டில் மக்கள் ஐயப்படவாவது செய்வார்கள்.

எதிர்முனையில் அமெரிக்கக் குடியரசுக் கட்சியின் ஜான் மெக்கெயின் இருக்கிறார். 2008இல் 72 வயதில் போட்டியிட்ட அவர், தோல் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றவர் என்பதால், ஆயிரத்துக்கும் மேற்பட்ட பக்கங்கள் கொண்ட தம் மருத்துவ ஆவணங்களைத் தெரிவுசெய்யப்பட்ட செய்தியாளர் சிலர் மூன்று மணி நேரம் ஓர் அறையில் அமர்ந்து படிக்க அனுமதித்தார். மூன்று மணி நேரத்தில் ஆயிரம் பக்கம் என்பது ஆற அமரப் படிக்கும் வேகமல்ல. இருந்தாலும் இன்றுள்ள வழக்கத்தோடு ஒப்பிட்டால் அதுவே தாராளம். இப்போது சொந்த மருத்துவர் எழுதித் தரும் ஓரிரு பக்கக் கடிதமே பெரும்பாலும் கிடைக்கிறது.

75 வயதைக் கடந்தவர்களுக்கு மனத்திறன் சோதனை கட்டாயம் என்று 2023இல் குடியரசுக் கட்சியின் அதிபர் வேட்பாளராக முயன்ற நிக்கி ஹேலி முன்வைத்த யோசனையும் இந்த வகையில் அடங்கும். இதில் ஒரு குழப்பத்தைத் தவிர்க்க வேண்டும். 2018இல் டொனால்ட் டிரம்ப் எழுதி 30க்கு 30 மதிப்பெண் பெற்றதாக வெள்ளை மாளிகை மருத்துவர் அறிவித்த மான்ட்ரியால் சோதனை, பத்து நிமிடத்தில் முடிவது. கடிகாரம் வரையச் சொல்வது, விலங்குகளின் பெயர் கேட்பது போன்ற பயிற்சிகள் கொண்டது. நினைவிழப்பு நோய் தொடங்கியிருக்கிறதா என்று மேலோட்டமாகப் பார்ப்பதற்காக உருவானது அது. அதில் முழு மதிப்பெண் பெறுவது, ஒருவர் கெட்ட செய்தி வரும் இரவில் எப்படி முடிவெடுப்பார் என்பதைப் பற்றி ஒன்றும் சொல்லாது. ஆகவே சோதனையை வெற்றிச் சான்றிதழாக்காமல், வேட்பாளரோடு தொடர்பில்லாத மருத்துவர் குழு ஒன்று எல்லா வயது வேட்பாளர்களையும் ஒரே முறையில் பரிசோதித்து அறிக்கை தருவதே உருப்படியான வடிவம். எல்லா வயதினரையும் என்பதை அழுத்திச் சொல்கிறேன்; கென்னடியும் சாங்கஸும் எந்த வயது வடிகட்டியிலும் சிக்கியிருக்க மாட்டார்கள். அந்தக் குழுவை யார் நியமிப்பது என்பதில் கட்சிகள் மோதிக்கொள்ளும். மோதட்டும்; நீதிபதிகள் நியமனத்திலும் மோதல் இருக்கிறது என்பதற்காக நாம் நீதிமன்றத்தை மூடிவிடவில்லை.

வெற்றி வாய்ப்பு என்னும் வாதம்

உண்மையில் வேட்பாளர்களை முடிவுசெய்வது பெரும்பாலும் இந்தக் கணக்குதான். 2020 தேர்தலுக்கான ஜனநாயகக் கட்சியின் உட்கட்சிப் போட்டியில் ஆறு பெண்கள் இறங்கினார்கள். செனட்டர்கள் நால்வர் அவர்களில் இருந்தனர்: எலிசபெத் வாரன், ஏமி க்ளோபுசார், கமலா ஹாரிஸ், கிர்ஸ்டன் ஜில்லிப்ராண்ட். கடைசியில் களத்தில் மிஞ்சிய இருவர் 77 வயது ஜோ பைடனும், சில மாதங்களுக்கு முன்புதான் மாரடைப்புக்கு ஆளாகியிருந்த 78 வயது பெர்னி சாண்டர்ஸும். எனக்கு அவரைப் பிடிக்கும், ஆனால் மற்றவர்கள் ஒரு பெண்ணுக்கு வாக்களிக்க மாட்டார்களே என்று அந்த உட்கட்சித் தேர்தல் நெடுகிலும் கட்சிக்காரர்கள் சொல்லக் கேட்க முடிந்தது. தமக்கில்லாத தயக்கத்தை அடுத்தவர்மேல் ஏற்றி, அந்தத் தயக்கத்துக்குத் தாமே பணிந்துபோகும் கணக்கு இது. எல்லோரும் இப்படிக் கணக்கிட்டால், தயக்கமே இல்லாதவர்கள் நிறைந்த கட்சியிலும் தயக்கமே வெல்லும்.

இந்தக் கணக்கு பலிக்காமல் போனதற்கு லைபீரியா நல்ல சாட்சி. 2005இல் உள்நாட்டுப் போர் முடிந்து நடந்த முதல் தேர்தலில், உலகப் புகழ்பெற்ற கால்பந்து வீரரான 39 வயது ஜார்ஜ் வேயா முதல் சுற்றில் 28 விழுக்காடு வாக்குகளோடு முன்னிலை பெற்றார். சர்லீஃப் 20 விழுக்காட்டைக்கூட எட்டவில்லை. இளமை, புகழ், ஆண் என்னும் மூன்றும் ஒரு பக்கம். 67 வயதுப் பெண் மறுபக்கம். வெற்றி வாய்ப்பைப் பேசுபவர்கள் யாரைச் சொல்லியிருப்பார்கள் என்பதில் ஐயமில்லை. ஆனால் உலக வங்கியிலும் நிதி அமைச்சகத்திலும் பணியாற்றிய அனுபவம், சந்தை வியாபாரிகளான பெண்களின் திரண்ட ஆதரவு, துப்பாக்கி ஏந்திய இளைஞர்களால் சிதைந்துபோன நாட்டில் ஒரு மூத்த பெண்மீது பிறந்த நம்பிக்கை ஆகியவை சேர்ந்து இரண்டாம் சுற்றில் அவருக்கு ஏறத்தாழ 59 விழுக்காட்டைத் தந்தன. ஆதரவாளர்கள் அவரை எலன் அம்மா என்றே அழைத்தார்கள். மற்ற இடங்களில் பாரமாகக் கருதப்படும் வயதும் பாலினமும் அங்கே ஒன்றையொன்று தாங்கிப் பிடித்தன. வெற்றி வாய்ப்பு என்பது தேர்தலுக்கு முன்னால் அளந்து எடுக்கக்கூடிய பொருள் என்று நினைப்பவர்கள் அந்த இரண்டு சுற்றுகளின் எண்களை அருகருகே வைத்துப் பார்க்கலாம்.

துணை வேட்பாளரைக் கொண்டு சமன்செய்வது

மூத்த ஆண் ஒருவரை முதல் இடத்தில் வைத்து, இளையவரையோ பெண்ணையோ இரண்டாம் இடத்தில் நிறுத்துவது கட்சிகளுக்கு வசதியான வழி. 2008இல் மெக்கெயின் 44 வயது சாரா பேலினையும், 2020இல் பைடன் கமலா ஹாரிஸையும், 2024இல் டிரம்ப் 39 வயது ஜே. டி. வான்ஸையும் தெரிவுசெய்ததில் இந்தக் கணக்குக்குப் பங்கு உண்டு. இதில் நன்மை இல்லாமலில்லை. 2021 நவம்பரில் பைடன் பெருங்குடல் பரிசோதனைக்காக மயக்க மருந்து எடுத்துக்கொண்ட ஏறத்தாழ 85 நிமிடங்களுக்கு அதிபரின் அதிகாரம் ஹாரிஸிடம் வந்தது. அமெரிக்க வரலாற்றில் அதுவரை ஒரு பெண் அந்த அதிகாரத்தை வகித்த நேரம் மொத்தமும் அவ்வளவே. தான்சானியாவில் ஜான் மகுஃபுலி 2021 மார்ச்சில் இறந்தபோது துணை அதிபராக இருந்த சாமியா சுலுஹு ஹசன் அதிபரானார்.

ஆபத்தும் இதே வழியில்தான் வருகிறது. அர்ஜென்டினாவில் 1973இல் உடல்நலம் குன்றிய நிலையில், 77 வயதில் மீண்டும் போட்டியிட்ட ஹுவான் பெரோன், தம் மனைவி இசபெல்லைத் துணை அதிபர் வேட்பாளராக்கினார். இசபெல் அதற்குமுன் எந்த ஆட்சிப் பொறுப்பையும் வகித்தவரல்லர். மறு ஆண்டு ஜூலை 1 அன்று பெரோன் இறந்தார். உலகில் அதிபர் என்ற பட்டத்தோடு ஆண்ட முதல் பெண் என்று இசபெல் வரலாற்றில் இடம்பெற்றார். 1976இல் இராணுவம் அவரைக் கவிழ்த்தது. பெண்ணுக்கு அதிகாரம் கொடுத்துப் பார்த்தோமே என்று பிறகு பேசியவர்கள், அந்தப் பெண்ணைத் தெரிவுசெய்த முறையைப் பேசவில்லை. சமன்செய்வதற்காக நிறுத்தப்படும் பெண் அலங்காரமாக நிறுத்தப்பட்டால், முதல் இடத்தில் இருப்பவரின் வயது அந்த அலங்காரத்தின் கையில் ஒருநாள் நாட்டை ஒப்படைத்துவிடும்.

எந்த வழி, எந்தக் கட்டத்தில்

இவற்றில் ஒன்றை மட்டும் எடுக்கச் சொன்னால் எந்த வழியும் தேறாது. பாலினத்துக்கு மெக்சிகோவின் வழியையே எடுப்பேன்: ஆளுநர், அமைச்சர், நகரத் தலைவர் ஆகிய ஆட்சிப் பொறுப்புகளுக்கான வேட்பாளர் பட்டியலில் சமபங்கைக் கட்டாயமாக்குவது, அதிபர் வேட்பாளரை முடிவுசெய்யும் இறுதிக் கட்டத்தில் பாலினத்தைப் பேசாமல் இருப்பது. கீழே செய்ய வேண்டியதைச் செய்யாமல் மேலே மட்டும் ஒரு பெண்ணை நிறுத்தும் கட்சி, அவர் தோற்றதும் அதையே சாக்காக வைத்து அடுத்த பல ஆண்டுகளுக்குக் கதவை மூடிவிடும். வயதுக்குச் சட்ட வரம்பு வேண்டாம். வேட்பாளரோடு தொடர்பில்லாத மருத்துவர் குழுவின் அறிக்கை வேண்டும், அதுவும் உரிய நேரத்தில் வேண்டும்.

நேரம் என்பது இங்கே சாதாரண விவரமல்ல. பைடன் 2020 மார்ச்சில் தம்மை அடுத்த தலைமுறைக்கான பாலம் என்று சொல்லிக்கொண்டார். 2024க்கான உட்கட்சிப் போட்டி தொடங்கியபோது அவருக்கு வயது 81. அவருடைய வயதையே காரணமாகச் சொல்லி டீன் பிலிப்ஸ் என்ற நாடாளுமன்ற உறுப்பினர் எதிர்த்து நின்றபோது கட்சி அவரைப் பொருட்படுத்தவில்லை. புளோரிடாவில் பட்டியலில் பைடன் பெயர் மட்டுமே இருந்ததால் உட்கட்சித் தேர்தலே நடக்கவில்லை. டிரம்புடனான ஜூன் 27 விவாதத்தில் பைடன் தடுமாறியபோது நாடு முழுவதும் கண்டதை, அதற்கு ஓராண்டு முன்பே ஓர் அறிக்கை சொல்லியிருந்தால், பல வேட்பாளர்களுக்கிடையே முறையான போட்டி நடந்திருக்கும். ஜூலை 21 அன்று அவர் விலகியபோது வாக்குப்பதிவுக்கு 107 நாள்களே இருந்தன. ஹாரிஸ் எந்த உட்கட்சித் தேர்தலிலும் நிற்காமலேயே வேட்பாளரானார். வயதைப் பற்றிய கேள்வியைக் கட்சி தள்ளிப்போட்டதற்கான விலையை ஒரு பெண் வேட்பாளர் கொடுக்க நேர்ந்தது.

ஆகவே அறிக்கை உட்கட்சித் தேர்தலுக்கான மனுத்தாக்கலுக்கு முன்பே வெளியாக வேண்டும். பதவியில் இருப்பவருக்கும் அதில் விலக்கு இருக்கக் கூடாது. துணை வேட்பாளரை முதன்மை வேட்பாளருக்கு நிகராக ஆராய்வதும் இதன் மறுபாதி. 2024இல் துணை அதிபர் வேட்பாளர்கள் ஒரே ஒரு முறை, அக்டோபர் 1 அன்று நேருக்கு நேர் விவாதித்தார்கள். 78 வயதில் ஒருவர் அதிபர் பதவிக்குப் போட்டியிட்ட ஆண்டில், அவருக்கு அடுத்து நிற்பவரை அறிந்துகொள்ள அந்த ஒரு மாலைப்பொழுது போதுமானதாக இல்லை. முதன்மை வேட்பாளர்களுக்கு எத்தனை விவாதமோ அத்தனையும் இவர்களுக்கும் வைத்திருக்க வேண்டும்.